கூட்டினால் பொருந்தாது: விகிதம் பற்றிய வாசகர் கேள்விகள்

இம்முறை கணிதப் பக்கத்துக்கு வந்த கடிதங்களில் விகிதமும் விகிதசமனும்தான் கூடுதலாகத் தலைகாட்டின. எல்லாவற்றையும் அச்சிட இடமில்லை. ஒரே சிக்கலைச் சொன்ன கடிதங்களில் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறோம்.

தரம் 7 பிள்ளைகளிடம் 4:6 = 6:? என்று கேட்டால் வகுப்பில் பாதிப்பேர் 8 என்கிறார்கள். பலகையில் எத்தனை தரம் விளக்கினாலும் மறுநாள் திரும்ப அதே 8. கையால் செய்ய வைக்க ஏதாவது வழி உண்டா? வகுப்பில் 40 பேர், பாடவேளை 40 நிமிடம்.
– ஆசிரியை ஒருவர், கொட்டாஞ்சேனை

அந்த 8 கவனயீனத்தால் வருவதில்லை, ரீச்சர். 4 உடன் 2 ஐக் கூட்டினால் 6. அப்படியானால் 6 உடனும் 2 ஐக் கூட்டினால் 8. பிள்ளை ஓர் ஒழுங்கோடுதான் யோசிக்கிறது. அந்த ஒழுங்கு இங்கே செல்லாது என்பதை வாயால் சொன்னால் ஏறாது. வெட்டிய துண்டு பொருந்தாமல் கையில் நிற்கும்போது தானாக ஏறும்.

பிரெஞ்சுக் கணிதக் கல்வி ஆய்வாளர் கீ புரூசோ இதற்கென்றே ஒரு துண்டுப் புதிர் அமைத்தார். 4 செ.மீ. பக்கம் 7 செ.மீ. ஆகும்படி புதிரைப் பெருப்பிக்க வேண்டும், ஆளுக்கொரு துண்டு. அதே கருவை வைத்து, எண்களை இலேசாக்கி, ஒரு பாடவேளைக்குள் முடியும்படி கீழே தருகிறோம்.

12 செ.மீ. சதுரம் ஒன்றை நான்கு துண்டாக்குங்கள். இடப்பக்கம் முழு உயரத்துக்கும் 4 × 12 பட்டி ஒன்று; இது 'அ'. மிஞ்சும் 8 × 12 இல் மேல் பாதி 8 × 6, இது 'ஆ'. கீழ்ப் பாதியை 2 × 6, 6 × 6 என இரண்டாக வெட்டினால் 'இ', 'ஈ'. நால்வருக்கு ஒரு புதிர் என்றால் 10 புதிர். ஒரு ஏ4 தாளில் இரண்டு சதுரம் அடங்கும், ஆகவே 5 தாள். பெருப்பித்த துண்டு வெட்ட ஆளுக்கு அரைத் தாள், அதற்கு 20. மொத்தம் 25 தாளும் குழுவுக்கு ஒரு கத்தரிக்கோலும் போதும். பிரிஸ்டல் போட் வாங்கிச் செலவழிக்க வேண்டியதில்லை.

கட்டளை இவ்வளவுதான்: "4 செ.மீ. ஆக இருந்த பக்கம் புதிய புதிரில் 6 செ.மீ. ஆக வரவேண்டும். உங்கள் துண்டை அதற்கேற்பப் பெருப்பித்து வெட்டுங்கள்." ஆளுக்கொரு துண்டு, 10 நிமிடம், பேச்சில்லை. பேசவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று நான்கு பேருக்கும் கணக்கைச் சொல்லிவிடும். பிழை வெளியே வராது.

2 ஐக் கூட்டிய குழுவுக்கு என்ன நடக்கும்? அ 6 × 14, ஆ 10 × 8, இ 4 × 8, ஈ 8 × 8. சேர்த்து வைத்தால் மேல் வரிசை 6 + 10 = 16, கீழ் வரிசை 6 + 4 + 8 = 18. இடப்பட்டி 14 உயரம், வலப்பக்கம் 8 + 8 = 16. சதுரம் எங்கே போனது என்று அவர்களே ஒருவரையொருவர் கேட்பார்கள். முதலில் கத்தரிக்கோலில் பழி விழும். அதனால்தான் இடைவெளி 2 செ.மீ. வரும்படி எண்களைத் தெரிந்தோம்: கை நடுங்கினால் 2 மில்லிமீற்றர் பிசகும், 2 சென்ரிமீற்றர் பிசகாது.

ஒரு பொறி இருக்கிறது. கூட்டிய குழுவிலும் கீழ் ஓரம் மட்டும் 18 என்று சரியாகவே வரும். அங்கே மூன்று துண்டுகள், மொத்தம் 12; துண்டுக்குச் சராசரி 4. நான்குக்கு 2 கூட்டுவது எப்படியும் சரிதானே. "இந்தப் பக்கம் சரியா வந்திருக்கு, மிஸ்" என்று அதையே பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மறைக்காதீர்கள், மேல் ஓரத்தையும் அளக்கச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகுதான் கேள்வி: 4 ஆனது 6 ஆயிற்று. அதில் பாதியான 2 என்ன ஆகவேண்டும்? 3 என்பது உடனே வரும். 8 என்பது இரண்டு 4, ஆகவே 12. 6 என்பது 4 உம் 2 உம், ஆகவே 6 + 3 = 9. 12 க்கு 18. கூட்டுவதே பாவம் என்று பிள்ளை எடுத்துவிடக் கூடாது என்பதைக் கவனியுங்கள். இங்கேயும் கூட்டித்தான் 9 ஐப் பிடித்தோம். எல்லாவற்றுடனும் ஒரே எண்ணைக் கூட்டுவதுதான் பிழை.

அடுத்த பாடவேளையில் 4 ஐ 7 ஆக்குங்கள். 2 க்கு 3.5, 6 க்கு 10.5, 8 க்கு 14, 12 க்கு 21. அரைவாசியைக் கூட்டினால் போதும் என்று முதல் நாள் குறுக்குவழி கண்ட பிள்ளைக்கு இங்கே அது உதவாது. 7 × 21 பட்டி அரை ஏ4 இன் நீளத்தை முழுதாகத் தின்றுவிடும். அந்தத் துண்டு எடுக்கிறவருக்கு முழுத் தாள் கொடுங்கள்.

2:3 ஆகப் பங்கிடச் சொன்னால் என் மகள் முதல் ஆளுக்கு மூன்றில் இரண்டு என்று எழுதுகிறாள். வீட்டில் வைத்து எப்படிச் சொல்லிக்கொடுக்கலாம்?
– தாய் ஒருவர், வெள்ளவத்தை

30 புளியங்கொட்டை எடுங்கள் அம்மா. இல்லாவிட்டால் கடலை. இரண்டு தட்டு. ஒரு சுற்றுக்கு இந்தத் தட்டில் 2, அந்தத் தட்டில் 3. மகளே போடட்டும், சுற்றை வாய்விட்டு எண்ணட்டும். ஆறு சுற்றில் கொட்டை முடியும்: 12 உம் 18 உம். இப்போது கேளுங்கள்: ஒரு சுற்றில் மொத்தம் எத்தனை கொட்டை போனது? 5. அதில் முதல் தட்டுக்கு? 2. அப்படியானால் முதல் தட்டின் பங்கு ஐந்தில் இரண்டு. மூன்றில் இரண்டு என்பதும் அங்கேதான் இருக்கிறது, அது முதல் தட்டை இரண்டாம் தட்டோடு ஒப்பிடும்போது வருவது. 12 என்பது 18 இன் மூன்றில் இரண்டு. இரண்டும் மெய், கேட்ட கேள்வி எது என்பதில்தான் மகள் தடுமாறுகிறாள்.

ஒவ்வொன்றாக மாறிமாறிப் போட விடாதீர்கள். அது 1:1 பழக்கம். கை அதற்குத்தான் ஓடும். இரண்டு கொட்டையை ஒன்றாகக் கிள்ளி எடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்ததாக 32 கொட்டை கொடுங்கள். ஆறு சுற்று முடிய 2 மிஞ்சும். மிச்சத்தை முதல் தட்டில் போட்டுவிடலாமா என்று கேட்பாள். போட்டால் 14:18, அது 7:9. கொட்டையில் 32 ஐ 2:3 ஆகப் பிரிக்க முடியாது; 32 ரூபாயைப் பிரிக்கலாம். 12 ரூபா 80 சதமும் 19 ரூபா 20 சதமும்.

நிறநீர்ச் செயற்பாடு செய்து பார்த்தேன். பீற்றூட் சாறும் தண்ணீரும் 2:3, 3:4 என இரண்டு கலவை. எது கடும் நிறம் என்று கேட்டால் பிள்ளைகள் இரண்டும் ஒன்றுதான் என்றார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை.
– ஆசிரியர் ஒருவர், தெஹிவளை

தெரியாதுதான் சேர். 2:3 இல் சாறு 40 சதவீதம், 3:4 இல் ஏறத்தாழ 43. அதைக் கண்ணால் பிரிப்பது கடினம். விளைவு உங்கள் நோக்கத்துக்கு நேரெதிராகப் போயிருக்கிறது. "இரண்டிலும் தண்ணி ஒண்டுதானே கூட, அப்ப ஒரே நிறம்" என்ற கூட்டல் நியாயத்தைக் கண்ணே ஆமோதித்துவிட்டது.

இந்த மூன்றையும் எடுத்துப் பாருங்கள்: 1:4, 2:5, 4:7. மூன்றிலும் தண்ணீர் சாற்றைவிட 3 பங்கு கூட. சாற்றின் அளவோ 20 சதவீதம், ஏறத்தாழ 29, ஏறத்தாழ 36. மூன்று கிளாசையும் வரிசையாக வைத்தால் நிறம் படியேறும்.

ஒரு பங்குக்கு 5 மி.லீ. வையுங்கள். பாமசியில் ஊசியில்லாத 20 மி.லீ. சிறிஞ்சு வாங்கினால் அளப்பது சுலபம். 5 + 20, 10 + 25, 20 + 35. குழுவுக்கு 35 மி.லீ. சாறு போகும், 10 குழுவுக்கு 350. நடுத்தர அளவு பீற்றூட் இரண்டைத் துருவி 600 மி.லீ. தண்ணீரில் 15 நிமிடம் ஊறவைத்து, துணியில் வடித்தெடுங்கள். முதல்நாளே செய்து வைக்க வேண்டாம், நிறம் மங்கும். பீற்றூட் இல்லையென்றால் கடும் சாயத் தேத்தண்ணீரும் சரிவரும்.

இனிக் கெடுகிற இடங்கள். கலவைகளின் மொத்த அளவு வேறுவேறு: 25, 35, 55 மி.லீ. அப்படியே பார்த்தால், ஆழமாக நிற்கிற கலவை மேலிருந்து கடுமையாகத் தெரியும். 4:7 வென்றது விகிதத்தாலா அளவாலா என்று யாருக்கும் விளங்காது. ஒவ்வொன்றிலிருந்தும் 25 மி.லீ. மட்டும், ஒரே மாதிரிக் கிளாசில் ஊற்றுங்கள். பின்னால் வெள்ளைத் தாள் வைத்து, பக்கவாட்டில் பாருங்கள். சாறு எடுத்த சிறிஞ்சைக் கழுவாமல் தண்ணீர் எடுப்பதும் வழக்கமான பிழை. 1:4 கலவையில் சாறே 5 மி.லீ. தான், ஒட்டியிருக்கிற சொட்டுகூட அங்கே கணக்கில் விழும். சாற்றுக்கொன்று, தண்ணீருக்கொன்று என இரண்டு சிறிஞ்சு இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஊற்றுவதற்கு முன் ஊகத்தைத் துண்டுத் தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். பார்த்த பிறகு கேட்டால், தனக்கு முன்னமே தெரியும் என்று முழு வகுப்பும் சொல்லும். கண்ணால் கண்டபின் எண்ணுக்கு வாருங்கள்: மூன்றிலும் சாற்றை 4 பங்காக்கினால் 4:16, 4:10, 4:7. சாறு ஒன்றுதான், தண்ணீர் 16, 10, 7. கிளாசில் கண்ட வரிசையே தாளிலும். கடைசியாக 2:8 ஒன்று கலந்து 1:4 இன் பக்கத்தில் வைத்தால் சமவலு விகிதம் என்ற சொல்லுக்கு ஒரு முகம் கிடைக்கும்.

கொங்கிறீற்றுக்கு 1:2:4 என்றால், 1 வாளி சீமெந்து, 2 வாளி மணல், 4 வாளி சல்லி போட 7 வாளி கொங்கிறீற்று வரவேண்டும் அல்லவா? மேசன் வேலை செய்பவரின் மகன் வராது என்கிறான்.
– ஆசிரியை ஒருவர், மருதானை

மகன் சொல்வது சரி. மணல் சல்லியின் இடுக்குகளுக்குள்ளும், சீமெந்து மணலின் இடுக்குகளுக்குள்ளும் போய்விடும். 4 கப் கொண்டைக்கடலையையும் 2 கப் மணலையும் ஒரு பாத்திரத்தில் போட்டுக் குலுக்கி, திரும்ப அளந்து காட்டுங்கள். 6 கப் தேறாது. போடுகிற பொருள்களின் விகிதம் அப்படியே நிற்கிறது, கூட்டுத்தொகைதான் நிற்பதில்லை. புத்தகக் கணக்கில் "7 பங்கு" என்று வகுக்கலாம். கட்டடத்தில் அப்படி வகுத்தால் சாமான் போதாமல் வரும்.

ரியூசன் வகுப்பில் குறுக்குப் பெருக்கம் சொல்லிக்கொடுத்தால் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். செயற்பாடு, விளையாட்டு என்று நேரத்தைச் செலவழிப்பது தேவைதானா?
– கணித ஆசிரியர், மட்டக்குளி

நேர்விகிதசமனில் குறுக்குப் பெருக்கம் ஓடும். ஒன்று கூட மற்றது குறைகிற நேர்மாறு விகிதசமன் வந்ததும் அதே பிள்ளை அதே வேகத்தில் பிழைவிடும். எந்த எண்ணை எதன் குறுக்கே பெருக்குவது என்பதை மட்டும்தான் பழகியிருக்கிறது. எது கூட எது குறைகிறது என்று பார்க்கப் பழகவில்லை.

ஒரு சைக்கிளைத் தலைகீழாக, சீற்றிலும் ஹாண்டிலிலும் நிற்கும்படி வையுங்கள். கியர் மாற்றுகிற சைக்கிள் வேண்டாம், சாதாரணமானதே நல்லது. மிதிப்பக்கத்துப் பல்லுச்சக்கரத்திலும் பின்சில்லின் சிறிய சக்கரத்திலும் பற்களை எண்ண வேண்டும். முதற்பல்லில் சோக்கால் அடையாளமிடாவிட்டால் ஒரு பல்லை இரண்டுதரம் எண்ணுவார்கள். 48 என்பது 49 ஆனால் விகிதமே சுருங்காது. எண்ணும்போது மிதியை ஒருவர் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். சங்கிலிக்கும் பல்லுக்கும் நடுவில் விரல் அகப்பட்டால் பாடம் அத்தோடு முடிந்துவிடும்.

48 உம் 18 உம் என்று வையுங்கள், அதாவது 8:3. பின் ரயரில் வால்வுக்கு நேரே ஒரு சோக் கோடு. மிதியை 3 சுற்று மெதுவாகச் சுற்றினால் சில்லு 8 சுற்றுச் சுற்றும். வேகமாகச் சுற்றினால் மிதி நின்ற பிறகும் சில்லு தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். எட்டு ஒன்பதாகும், பத்தாகும். ஒரு பிள்ளை ரயரில் உள்ளங்கையை இலேசாக வைத்துக்கொண்டால் அது நிற்கும்.

இப்போது உங்கள் மாணவரிடம் கேளுங்கள்: 48 பல் சக்கரம் 3 சுற்று, 18 பல் சக்கரம் எத்தனை சுற்று? பழக்கதோசத்தில் குறுக்கே பெருக்கி 3 × 18 ÷ 48 என்று 1.125 எழுதுகிறவர் இருப்பார். சில்லோ அவர் கண்முன்னே எட்டுத்தரம் சுற்றியிருக்கிறது. 48 × 3 உம் 18 × 8 உம் 144 தான்: சங்கிலியின் கண்கள் இரண்டு சக்கரத்திலும் ஒரே எண்ணிக்கையில்தான் கடந்தாக வேண்டும். சைக்கிள் இல்லாத மாடிவீட்டு வகுப்பென்றால் 30 செ.மீ. அடிமட்டமும் ஒரே பெறுமதி நாணயம் ஐந்தும் போதும். பென்சில் உருளாதபடி இரண்டு பக்கமும் அழிறப்பர் வைத்து, மேலே அடிமட்டத்தை வெறுமையாகச் சமன்செய்யுங்கள். சமநிலைப் புள்ளி 15 இல்தான் விழும் என்றில்லை. எங்கே விழுகிறதோ அங்கிருந்து அளக்க வேண்டும், நாணயத்தின் விளிம்பை விட்டு நடுவுக்கு அளக்க வேண்டும். ஒரு பக்கம் 3 நாணயம் 6 செ.மீ. இல், மறுபக்கம் 2 நாணயம் எங்கே? 9 இல் நிற்கும். பிறகு 1 நாணயம் எங்கே என்று கேளுங்கள். 18 என்று கணக்குச் சொல்லும், அடிமட்டம் அதற்கு முன்னரே முடிந்துவிடும். அந்தச் சிரிப்புக்குப் பிறகு ஒருவரும் அதை நேர்விகிதம் என்று எழுதமாட்டார்கள்.

குறுக்குப் பெருக்கத்தை விடச் சொல்லவில்லை. ஓர் அளவை மேல் வரியிலும் அதற்குரிய மற்ற அளவைக் கீழ் வரியிலும் எழுதுகிற இரண்டு வரி அட்டவணை கைவந்த பிறகு கொடுங்கள்.

நிழலை வைத்துக் கொடிக்கம்பத்தின் உயரம் காணும் செயற்பாட்டில் குழுவுக்கொரு விடை வந்தது: 5 மீற்றர், 6 மீற்றர், 7.5 மீற்றர். ஏப்ரல் விடுமுறைக்குச் சற்று முன், இடைவேளைக்குப் பிந்திய பாடவேளையில் செய்தோம். பிழை எங்கே?
– ஆசிரியை ஒருவர், பம்பலப்பிட்டி

நாளும் நேரமும்தான் பிழை. கொழும்பு ஏறத்தாழ 7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தை ஒட்டியும் செப்டெம்பர் முதல் வாரத்தை ஒட்டியும் நண்பகல் 12 மணி தாண்டிச் சற்று நேரத்தில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நிழல் காலடிக்குள் ஒளிந்துகொள்ளும்.

1 மீற்றர் தடியின் நிழல் 5 செ.மீ., கம்பத்தின் நிழல் 30 செ.மீ. என்று வையுங்கள். உயரம் 6 மீற்றர். ஒரு குழு தடி நிழலை 4 என்று வாசித்தால் 7.5, இன்னொரு குழு 6 என்று வாசித்தால் 5. நீங்கள் எழுதிய விடைகள் அப்படியே வந்துவிட்டன, பாருங்கள். காலை 9 மணிக்கு முன்பின் செய்தால் தடியின் நிழல் 1.3 மீற்றரை ஒட்டி வரும், கம்பத்தின் நிழல் 7.8. அங்கே 1 செ.மீ. பிசகினால் உயரம் 5 செ.மீ. அளவில்தான் மாறும்.

காலையில் வேறொரு தொல்லை உண்டு. அந்த நேரத்தில் 1 மீற்றர் தடியின் நிழல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. சுருங்கும். தடியை அளந்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்துக் கம்பத்துக்குப் போனால் விடை கெட்டது. இரண்டு பேர் ஒரே சைகையில் நிலத்தில் சோக் அடையாளம் போடட்டும், அளப்பதை ஆறுதலாகச் செய்யலாம். கம்பத்தைச் சுற்றிச் சீமெந்துப் பீடம் இருந்தால் பீடத்தின் விளிம்பிலிருந்து அளக்காமல் கம்பத்தின் அடியிலிருந்து அளக்க வேண்டும். தடி நிமிர்ந்து நிற்கிறதா என்று நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள்.

மழை வந்துவிட்டது என்று வகுப்புக்குள் ரோச் லைற் வைத்துச் செய்யாதீர்கள். சூரியன் மிகத் தொலைவில் இருப்பதால் கதிர்கள் சமாந்தரமாக வருகின்றன, அதனால்தான் உயரமும் நிழலும் ஒரே விகிதத்தில் நிற்கின்றன. பக்கத்திலிருக்கும் ரோச்சின் கதிர் விரிந்து போகும், விகிதம் உடையும்.

எல்லாவற்றையும் விகிதசமன் என்று நினைத்துப் பிள்ளைகள் பெருக்குகிறார்கள். எதைப் பெருக்கக்கூடாது என்பதற்கு நல்ல உதாரணம் வேண்டும்.
– ஆசிரிய பயிலுநர், கொழும்பு 13

கொழும்புப் பிள்ளைக்கு ஓட்டோ மீற்றரைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. முதல் கிலோமீற்றருக்கு ஒரு கட்டணம், பிறகு கிலோமீற்றருக்கு வேறொரு கட்டணம். கணக்குக்காக முதலாவதை 100 ரூபா என்றும் அடுத்தவற்றை 80 என்றும் வையுங்கள். 1 கி.மீ. 100, 2 கி.மீ. 180, 4 கி.மீ. 340. தூரம் இரண்டு மடங்கானபோது காசு இரண்டு மடங்காகவில்லை. சதுரக் கொப்பியில் புள்ளிகளைக் குறித்து, அடிமட்டத்தை வைத்துக் கோட்டைப் பின்னோக்கி இழுக்கச் சொல்லுங்கள். நேர்கோடுதான், ஆனால் உற்பத்தியினூடாக, அதாவது (0, 0) புள்ளியினூடாகப் போகாது. 20 இல் போய் முட்டும். பக்கத்திலேயே, முதல் கிலோமீற்றர் முதல் எல்லாவற்றுக்கும் 80 எடுக்கிற ஓட்டோவின் கோட்டையும் வரையுங்கள். இரண்டு கோடும் சமாந்தரமாக ஓடும், ஒன்றுதான் உற்பத்தியினூடாகப் போகும்.

அதற்கு முன், பாடம் தொடங்கும்போதே இந்த ஒரு கேள்வியைப் போட்டுப் பாருங்கள்: கொடியில் 5 சட்டை காய 2 மணித்தியாலம் எடுத்தால், 10 சட்டை காய எவ்வளவு? 4 என்று எழுதியவர்களின் கொப்பியைக் குறித்து வைத்துக்கொண்டு, ஓட்டோக் கணக்கில் முதலில் அவர்களைக் கூப்பிடுங்கள்.